உப்பு சொல்ல வந்தவர்

நாக்கு செத்துப்போன மனிதரைச் சாப்பாட்டுக்கடைக்குத் தரம் போட அனுப்புவார்களா? அனுப்பினார்கள். செத்துப்போன சங்கதி அனுப்பியவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சாமுவேலுக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும். டாக்டரைத் தவிர மூன்றாவது காதுக்கு அது போகவில்லை.

அறுபத்தெட்டில் ஊர் உலகத்தையெல்லாம் ஆட்டிவைத்ததே ஒரு விஷ ஜுரம், அது மதராஸில் சாமுவேலையும் பத்து நாள் பாயில் போட்டது. போகும்போது சும்மா போகவில்லை. மூக்கையும் நாக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து சர்க்கரையும் ஒன்றுதான், சாம்பலும் ஒன்றுதான். "தானா வரும்" என்றார் டாக்டர். பதினாலு மாதம் ஆயிற்று, வரவில்லை.

வேறு யாராவது என்றால் வாயில் விழுந்ததைத் தின்றுவிட்டு ஆபீஸுக்குப் போயிருப்பான். சாமுவேலுக்கு நாக்குதான் ஆபீஸ். வருஷா வருஷம் பிரயாணிகளுக்கென்று ஒரு கையேடு அச்சாகும். கோவில், சத்திரம், பஸ் நேரம், சாப்பாட்டுக்கடை எல்லாம் அதில் இருக்கும். சாப்பாட்டுக்கடைப் பக்கங்கள் பன்னிரண்டு வருஷமாக சாமுவேல் எழுதியவை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு தீர்ப்பு. 'வழியில் இருந்தால் போகலாம்' என்பது ஒன்று. 'வழி விலகியும் போகலாம்' என்பது அதற்கு மேல். எல்லாவற்றுக்கும் மேலே, 'இதற்காகவே அந்த ஊருக்குப் போகலாம்.' இந்த மூன்றாவதை அவர் இதுவரை இரண்டே கடைகளுக்குக் கொடுத்திருக்கிறார். அதற்காகத் திருநெல்வேலியிலிருந்து ஒரு ஹோட்டல் முதலாளி கூடை நிறைய மாம்பழம் அனுப்பிப் பார்த்தும் மசியாத மனிதர்.

அப்பேர்ப்பட்டவர் பதினாலு மாதமாக எப்படி எழுதினார் என்கிறீர்களா? குப்பைத்தொட்டியைப் பார்த்து! எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கொல்லைப்பக்கம் போவார். எச்சில் இலைகளில் எது மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்ப்பார். பொரியல் அப்படியே கிடந்தால் பொரியல் சரியில்லை. இலை வழித்துத் துடைத்ததுபோல் இருந்தால் கடை நல்ல கடை. பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, சாப்பிடுகிறவர்கள் முகங்களை நோட்டம் விடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக ஒரு வருஷம் ஓட்டிவிட்டார். ஆனால் பசித்தவன் ஊசிப்போனதையும் வழித்துத் தின்பான் என்பது அந்த இலைகளுக்குத் தெரியுமா? புகார்க் கடிதங்கள் வர ஆரம்பித்தன.

கையேட்டின் முதலாளி சீனிவாசன் ஒருநாள் மூன்று கடிதங்களை மேஜைமேல் வரிசையாக வைத்தார். நாலாவதாக ஒன்றைத் தனியாக நீட்டினார்.

"காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல ஒரு அரிசிச் சேவைக் கடையாம். அங்க சாப்பிட்டுட்டு வந்தவர் எழுதியிருக்கார். 'இந்தக் கடை உங்க புஸ்தகத்துல ஏன் இல்லை, உங்க ஆளுக்கு நாக்கு இருக்கா இல்லையா'ன்னு கேக்கறார். போய்ப் பாத்துட்டு வாங்க. உண்டு இல்லைன்னு ஒரு வார்த்தை. இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா, சாமுவேல், அந்தப் பக்கங்களை வேற ஆள் கிட்டதான் குடுக்கணும். கோவிச்சுக்காதீங்க."

சாமுவேலுக்குத் திருடனைத் தேள் கொட்டிய நிலை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

காஞ்சிபுரத்தில் இறங்கியபோது வெயில் அப்போதுதான் கோபுரத்து உச்சியைத் தொட்டிருந்தது. பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தால், தெரு நெடுகப் பாவு நீட்டியிருந்தார்கள். முனைக்கு முனை இழுத்துக் கட்டிய பட்டு நூல், ஆயிரக்கணக்கான இழை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அதைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமுவேல் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்.

கடை என்று பலகை எதுவும் இல்லை. தெருக்கோடியில் ஓர் ஓட்டு வீடு, வாசலில் கீற்றுப்பந்தல், பந்தலுக்குள் நாலு பெஞ்சு. வேலியோரம் ஏழெட்டு நெசவாளர்கள் குந்தியிருந்தார்கள். உள்ளேயிருந்து ஆவி புகையாய் வந்துகொண்டிருந்தது, ஆனால் ஒருவரும் உள்ளே போகவில்லை. சாமுவேல் வழக்கம்போல் முதலில் கொல்லைப்பக்கம் போனார். அங்கே எச்சில் இலை ஒன்றுகூட இல்லை. நேற்றைய இலைகளையெல்லாம் தின்று முடித்த ஒரு வெள்ளாடு மட்டும் அசை போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தது. 'நாசமாப் போச்சு' என்று நினைத்துக்கொண்டார். சரி, இலை போனால் என்ன, முகங்கள் இருக்கின்றனவே.

பந்தலுக்குத் திரும்பியதும் வேலியோரத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். குமாரவேல் என்று பெயர். மீசை நரைத்திருந்தது, குரல் மட்டும் தறிச் சத்தத்துக்கு மேல் கேட்டுப் பழகிய குரல்.

"இன்னா சார், வெளியூரா?"

"ஆமாம். மதராஸ்."

"வந்துட்டார்பா!" என்று குமாரவேல் மற்றவர்களைப் பார்த்துக் கத்தினார். "நாலு நாளா வெளியூர் ஆளே வரல சார். மொத வாய் யாருக்குன்னு தெனம் சீட்டுப் போட்டுக்கினு கெடந்தோம். உள்ள போங்க. மொத தட்டு உங்களுக்கு."

சாமுவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கல்லாம் முன்னாடியே வந்தவங்க. நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்…"

"அது முடியாது." உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை மாவு, நெற்றி நிறைய விபூதி. அவள்தான் தில்லையம்மாள், கடைக்காரி. "சாமிக்கு வைக்கிறத யாராச்சும் ருசி பாத்துட்டு வைப்பாங்களாய்யா? இந்தக் கடையில சமைக்கிறவ வாயில வச்சுப் பாக்கறதில்ல. எங்க மாமியா காலத்துலேர்ந்து அப்டித்தான். வழிப்போக்கரா யாரு மொதல்ல வர்றாங்களோ அவங்கதான் சாமி. அவங்க சாப்டுட்டு உப்பு சொல்லணும். சொன்னப்புறம்தான் மத்தவங்களுக்கு."

"என் பேரு சாமுவேல்மா" என்றார் இவர். தப்பிக்க அது ஒரு வழியாகுமோ என்று பார்த்தார்.

"இருக்கட்டுமே. வாய் இருக்குதில்ல? குந்துங்க."

எல்லோரும் சிரித்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஊரில் எத்தனை நாக்கு இருக்கிறது! அன்றைக்குப் பார்த்து அந்தக் கடைக்கு உப்பு சொல்ல இந்த ஒரு நாக்குதானா வந்து சேர வேண்டும்? திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தார். ஓடினால் கையேட்டில் என்ன எழுதுவது? உட்கார்ந்தார்.

உள்ளே ஆளுயரத்துக்கு மரத்தால் ஆன சேவை நாழி. வெந்த மாவு உருண்டையைக் கொதிக்கக் கொதிக்க அதன் குழிக்குள் போட்டு, நீண்ட கைமரத்தைத் தில்லையம்மாளும் அவளுக்குத் துணையாக இருந்த காந்தாவும் தொங்கினாற்போல் பிடித்து அழுத்தினார்கள். இரண்டு பெண்களின் முழுப் பாரமும் இறங்கியது. கீழே வெள்ளை வெளேரென்று நூறு இழை ஒரே சமயத்தில் இறங்கியது. ஒன்றாவது அறவேண்டுமே! சுற்றிச் சுற்றி இலையில் வந்து படிந்தது. சாமுவேல் தன் பயத்தை மறந்து அரை நிமிஷம் வாயைப் பிளந்து பார்த்தார். பட்டு நெய்கிற ஊரில் சோற்றையும் நூலாகவே நூற்கிறார்களே என்று இருந்தது.

இலை அவர் முன்னால் வந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் மோர்க்குழம்பு. தில்லையம்மாள் கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரே நின்றாள். வேலியோரத்து ஆட்கள் அத்தனை பேரும் பந்தல் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள்.

சாமுவேல் ஒரு வாய் எடுத்துப் போட்டார். சூடாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு வாய். உதட்டோரம் லேசாகச் சுரீரென்றது, பயத்தில் வாய் காய்ந்துவிட்டது என்று நினைத்தார். இத்தனை கண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"உப்பு சொல்லுங்க" என்றாள் தில்லையம்மாள்.

பன்னிரண்டு வருஷத் தொழில், சீனிவாசன் மேஜைமேல் மூன்று கடிதங்கள், வீட்டில் காத்திருக்கிற மனைவி. எல்லாம் சேர்ந்து அவர் வாயைத் திறந்துவிட்டன.

"கச்சிதம்மா. உப்பு கச்சிதம்."

அவ்வளவுதான். தில்லையம்மாளின் முகம் மலர்ந்தது. "குந்துங்கப்பா எல்லாரும்!" என்று குரல் கொடுத்தாள். பெஞ்சுகள் நிரம்பின, இலைகள் விழுந்தன, நாழி இறங்கி ஏறியது. சாமுவேல் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்து உட்கார்ந்து, பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டுத் தன் வழக்கமான வேலையைத் தொடங்கினார். முகங்களைப் பார்த்தார்.

முகங்களில் ஒன்றும் இல்லை. குமாரவேல் முதல் வாயைப் போட்டார். ஒரு நொடி தாடை நின்றது, பிறகு மென்று விழுங்கினார். பக்கத்தில் இருந்தவன் கண்ணை ஒருதரம் இறுக மூடித் திறந்தான். பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் இலைகள் காலியாகிக்கொண்டே இருந்தன. ஓர் இழைகூட மிஞ்சவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் இப்படித் துடைத்த இலைகளை அவர் பார்த்ததில்லை. அப்படியென்றால் இது சாதாரணக் கடை இல்லை! நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'இதற்காகவே அந்த ஊருக்குப்' என்று எழுதிவிட்டார். மிச்ச வார்த்தையை எழுதப் போனவருக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் குடித்தால் தேவலை என்று எழுந்து பானைக்குப் போனார்.

பானை காலி.

காந்தா இடுப்பில் குடத்தோடு வேகமாக வந்து பானையில் கொட்டினாள். "இன்னிக்கு இன்னாமோ, மூணாவது கொடம்" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கிணற்றுக்கு ஓடினாள். சாமுவேல் ஒரு சொம்பு குடித்தார். இன்னொன்று. மூன்றாவதும் குடித்தார். தாகம் அடங்கவில்லை. அவர் கை சொம்போடு நின்றது. திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு காலி டம்ளர். இலையில் ஒரு வாய், டம்ளரில் ஒரு மடக்கு. இப்படித்தான் அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐயோ, உப்பு!

அவர் குமாரவேல் பக்கம் போய்க் குனிந்தார். தாழ்ந்த குரலில், "பெரியவரே, உண்மையைச் சொல்லுங்க. சேவை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

குமாரவேல் நிமிர்ந்து பார்த்தார். கண்ணோரத்தில் நீர் கட்டியிருந்தது. "அதான் நீங்க சொல்லிட்டீங்களே சார்" என்றார்.

"நான் சொன்னது இருக்கட்டும். உங்க வாய்க்கு?"

"மொத வாய் சொன்னா சொன்னதுதான். அதுக்கப்புறம் இந்தப் பந்தல்ல எவனும் உப்பப் பத்திப் பேச மாட்டான். விருந்தாளி சொன்னத இல்லேங்கறதா? அந்தம்மா மனசுதான் இன்னா ஆவும்?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தில்லம்மா, இன்னும் கொஞ்சம் வைம்மா!"

இரண்டாவது தட்டு! சாமுவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கடல் உப்பை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒருத்தன் சொன்ன பொய்க்காக, ஒரு பந்தல் ஆட்கள் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சர்ச்சில்கூட அவர் இப்படி ஒரு நிசப்தத்தைப் பார்த்ததில்லை. இவர்களையா நான் தரம் போட வந்தேன் என்று நினைத்தார்.

பேசாமல் நழுவிவிடலாம். பஸ் இருக்கிறது, நோட்டுப் புத்தகம் இருக்கிறது, ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வாசல்வரை வந்தும்விட்டார். அப்போது உள்ளே தில்லையம்மாள் பெரிய குண்டானில் இருந்த மாவை அள்ளிக்கொண்டிருந்தாள். "பாவுல நிக்கிறவங்களுக்கு இந்த ஈடு, காந்தா. பாவம், விட்டுட்டு வர முடியாம பசியோட நிக்கிறாங்க. சாமி கச்சிதம்னு சொல்லிட்டாரு, அப்டியே வேக வச்சிடு" என்றாள்.

சாமுவேல் நின்றார். தெருவில் பார்த்த அத்தனை ஆட்களும், வெயிலில், இன்னும் தண்ணீர்கூடக் குடிக்காமல்.

திரும்பி வந்து அடுப்புக்கு எதிரே நின்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

"அம்மா, வேக வைக்காதீங்க. எனக்கு உப்பு தெரியாது."

"இன்னாது?"

"உப்பு, புளிப்பு, இனிப்பு ஒண்ணும் தெரியாதும்மா. பதினாலு மாசமா நாக்கு செத்துப்போச்சு. கச்சிதம்னு சொன்னது பொய்."

குமாரவேல் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு ஒரு கத்தல் கத்தினார் பாருங்கள்!

"அதான பாத்தேன்! அடப்பாவி மனுசா! நாக்கு வெந்துபோச்சுய்யா எனக்கு! உப்பிட்டவர உள்ளளவும் நெனைன்னு சொல்லுவாங்க. சாவற வரைக்கும் உங்கள நாங்க மறக்க மாட்டோம்!"

அவ்வளவு நேரம் அடைத்துவைத்திருந்தது மொத்தமும் உடைந்து கொட்டியது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், ஒருவன் சிரித்துக்கொண்டே கிணற்றடிக்கு ஓடினான். "ரெண்டாவது தட்டு வேற கேட்டியே பெருசு!" என்று குமாரவேலை நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். காந்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயய்யோ, நானும் போட்டேனே! நீ போட்டியாக்கா?"

"நான் ராத்திரியே போட்டேன்டி." ஒருத்தரும் ருசி பார்க்காத சமையலில் இரண்டு கை உப்பு எப்படி விழுந்தது என்பது இப்படி வெளியே வந்தது.

தில்லையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சாமுவேலை நேராகப் பார்த்தாள்.

"நாக்கு செத்துதுன்னா அது உங்க தப்பாய்யா? தெரியலம்மான்னு சொல்லியிருந்தா அடுத்தவர குந்த வச்சிருப்பேன். இப்ப பாருங்க, அத்தினி பேரு வயிறும் எரியுது. பொய்யி சொல்லலாமா, அந்த எடத்துல குந்திக்கினு?"

சாமுவேல் தலை குனிந்தார். "தப்புதாம்மா." கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, முன்பின் தெரியாதவர்கள் நடுவே நின்று அழுதார். வெட்கம்தான். ஆனால் பதினாலு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று கீழே இறங்கியதையும் அவர் உணர்ந்தார்.

தில்லையம்மாள் குண்டானை இழுத்துக்கொண்டாள். மிச்ச மாவில் உப்பில்லாத அரிசி மாவைக் கரைத்துச் சேர்த்தாள். உருண்டைகள் மறுபடி வெந்தன, நாழி இறங்கியது. முதல் இலையைக் குமாரவேலிடம் நீட்டினாள். அவர் ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி, வேண்டுமென்றே நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

"சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் காந்தா.

"இப்பதான் கச்சிதம்" என்றார் குமாரவேல்.

இரண்டாவது இலை சாமுவேலுக்கு முன்னால் வந்தது. குழம்பு இல்லை, தேங்காய் இல்லை, வெறும் சேவை. "எனக்கு எதுக்கும்மா, வீணா…" என்று தடுத்தார்.

"பசிக்குதில்ல? சாப்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போது அவர் வாயை ஒருவரும் பார்க்கவில்லை. அவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு வாய் எடுத்துப் போட்டார். பயம் போன வாயில் முதல்தடவையாகச் சேவை விழுந்தது. இழை இழையாக வெதுவெதுப்பு. மேலே ஒரு வழவழப்பு, பல் பட்டதும் ஒரு சின்ன எதிர்ப்பு, உடனே விட்டுக்கொடுத்துவிடுகிறது. நூறு இழையும் தனித்தனியாக இருந்தன, ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை, அதே சமயம் ஒன்றும் முரடாக இல்லை. நாக்கின்மேல் அவை புரண்டு அவிழ்ந்து போவதை அவரால் எண்ண முடியும்போல் இருந்தது. ருசி என்று ஒன்று இல்லாமலே ஒரு சோறு இத்தனை நன்றாக இருக்க முடியுமா? கடவுளே! பதினாலு மாதமாக எத்தனை கடையில் எத்தனை இலையில் இதை விட்டுவிட்டு, அடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தார். அவர் இலையிலும் ஓர் இழை மிஞ்சவில்லை.

கிளம்பும்போது தில்லையம்மாள் பந்தல் ஓரம் வரை வந்தாள். "நல்ல வைத்தியரா பாருங்க" என்றாள். பிறகு, "நாக்கு வந்துதுன்னா சொல்லாம இருக்காதீங்க. வந்து மொத தட்டுல குந்துங்க. இன்னிக்கு கெடுத்தத அன்னிக்கு சரி பண்ணிக்கலாம்."

மறுநாள் காலை சீனிவாசன் மேஜைமேல் சாமுவேல் ஒரே ஒரு தாளை வைத்தார். சீனிவாசன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'பிள்ளையார்பாளையம் தில்லையம்மாள் சேவைக் கடை. பலகை கிடையாது, யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். இதற்காகவே அந்த ஊருக்குப் போகலாம். இழை அறாத சேவை. அதைவிட, அங்கே சாப்பிடுகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து முதலில் போகிறவரை உப்பு சொல்லச் சொல்வார்கள். உள்ளதைச் சொல்லவும். இதை எழுதியவருக்கு உப்பு தெரியாது.'"

சீனிவாசன் கடைசி வரியை மனசுக்குள் இன்னொரு தரம் படித்தார். மேஜைமேல் இருந்த மூன்று புகார்க் கடிதங்களைப் பார்த்தார். பிறகு சாமுவேலைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசம் சார்."

"பதினாலு மாசம்!" சீனிவாசனின் முகம் சிவந்தது. சிவப்பு மசிப் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். கடைசி வரிக்கு மேல் கொண்டுபோனார். "இதை அச்சடிச்சா ஊரே சிரிக்கும். உமக்கும் வேலை போகும், எனக்கும் மானம் போகும். அடிச்சுடட்டுமா?"

"வேண்டாம் சார். ஒருதரம் மறைச்சதுக்கு எட்டுப் பேர் வாய் வெந்தது. போதும்" என்றார் சாமுவேல். நேற்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். காலி டம்ளர்களை, மூன்றாவது குடத்தை, குமாரவேல் கேட்டு வாங்கிய இரண்டாவது தட்டை.

சீனிவாசன் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். திறந்த பேனா காற்றிலேயே நின்றது, ஒரு சொட்டு மசி மேஜைமேல் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

"ரெண்டாவது தட்டு கேட்டாரா?" என்றார் ஒருவழியாக.

"கேட்டார் சார்."

சீனிவாசன் பேனாவை மூடி வைத்தார். தாளை மடித்து அச்சுக்குப் போகிற தட்டில் போட்டார்.

"நாளைக்குக் காஞ்சிபுரத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.